ரிவர்ஸில் நிறுத்தினால் நல்ல டிரைவரா?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகியவனுக்கு மேடை புதிது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள சங்கத்து இடத்தில் கார் விடுகிறவர்கள் எல்லோரும் ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் இதே பேச்சு. "ரிவர்ஸ்ல நிறுத்தத் தெரியாதவங்க எதுக்குங்க கார் வாங்கோணும்?" என்று ஒருவர் போட்டார். அதற்குப் பதினான்கு கட்டைவிரல் விழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. இன்றைக்குப் பேச ஒத்துக்கொண்டதற்கு அந்தக் கட்டைவிரல்தான் காரணம். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அறுபது வயதில், ஓய்வு பெற்ற பிறகு. பயிற்சிப் பள்ளியில் முன்னால் போகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ரிவர்ஸ் என்றால் கடைசி இரண்டு நாள், காலி மைதானத்தில், பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்டீயரிங்கில் ஒரு கை வைத்துக்கொண்டு. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று என் வீட்டு கேட்டுக்குள் வண்டியைப் பின்னால் விட எனக்கு இருபது நிமிடம் ஆனது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கத்தில் ஒரு வெறி வந்தது. தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பழகினேன். ஆறு மாதத்தில் ஒரே மடக்கில் உள்ளே போட வந்துவிட்டது. அப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும் ரிவர்ஸில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒரு பார்வை பார்ப்பேன். உள்ளதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குறுகலான இடத்தில் பின்னால் விடுவது ஏன் வசதி? காரில் திரும்புவது முன் சக்கரம் மட்டும்தான். பின் சக்கரம் தன்பாட்டுக்குக் கூடவே வரும். முன்னால் நுழைந்தால், நாம் திருப்பியது முகம் மட்டும். பின்பக்கம் உள்ளே வெட்டிக்கொண்டு வந்து பக்கத்து வண்டியில் உரசப் பார்க்கும். பின்னால் நுழைந்தால், திரும்பாத சக்கரம் முதலில் இடத்துக்குள் போய்விடும். அப்புறம் முகத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒடித்துச் சரி செய்துகொள்ளலாம். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அட்டைப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டைப் பாருங்கள். அதற்குத் திரும்பும் சக்கரமே பின்னால்தான் இருக்கிறது. அதனால்தான் அது சின்ன இடத்தில் அப்படிச் சுற்றுகிறது. ரிவர்ஸில் போகும் கார் அந்த நேரத்துக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் மாதிரி. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இருபது நாள் பழகினால் யாருக்கும் வரும்.

சட்டமும் இதை ஒரு அடிப்படைத் தேர்ச்சியாகத்தான் வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி, லைசென்ஸ் தேர்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. குறைந்த இடத்துக்குள் வலது பக்கமோ இடது பக்கமோ வண்டியைக் கட்டுப்பாட்டோடு பின்னால் விட வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அப்படியென்றால் இங்கே லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கே லைசென்ஸ் வாங்கிய அன்று தெரியவில்லை.

பக்கத்தில் கேரளத்தில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. 2024 பிப்ரவரியில் அங்கே போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. கம்பி நட்டு 'எச்' எழுத்து வடிவில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டும் பழைய தேர்வு போதாது, பக்கவாட்டில் நிறுத்துவது, சாய்வாக நிறுத்துவது, வளைந்து வளைந்து போவது, மேட்டில் வண்டியை எடுப்பது எல்லாம் வைக்க வேண்டும் என்று சொன்னது. பயிற்சிப் பள்ளிக்காரர்கள் எதிர்த்தார்கள். மே மாதம் மைதானங்களில் போராட்டம், அப்புறம் பேச்சுவார்த்தை, தளர்வு என்று போனது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு தரப்பும் பேசியது மைதானத்துக்குள் நடக்கும் தேர்வைப் பற்றி. மைதானத்தில் நட்ட கம்பி நட்ட இடத்திலேயே நிற்கும். நம் தெருவில் அப்படி எதுவும் நிற்பதில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் தெருவை நினைத்துப் பாருங்கள். கீழே கம்பெனி, மேலே வீடு. பக்கத்தில் லைன் வீடு. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங், கட்டிங், பிரின்டிங், தையல் எல்லாம் வெவ்வேறு இடம். ஒரு பனியன் துணி பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஊரையே சுற்றி வருகிறது. அந்தச் சுற்றில் பெரும்பங்கு குட்டி யானையின் முதுகில்தான். 2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து இந்த ஊர்ச் சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த டிரைவர் தம்பிகள் ஒரு நாளைக்கு எத்தனை கேட்டில் ரிவர்ஸ் போடுகிறார்கள்! துணி ரோல் பின்பக்கம்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அவர்களுக்கு ரிவர்ஸ் என்பது வேலை, பெருமை கிடையாது. அவர்களில் யாரும் போட்டுவிட்டுச் சுற்றிப் பார்ப்பதில்லை. போடுவதற்கு முன்னால்தான் பார்க்கிறார்கள்.

வங்கியிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். கேஷ் வேன் வரும்போது டிரைவர் நேராகப் பின்னால் எடுத்துவிட மாட்டார். துப்பாக்கியோடு காவலர் முதலில் இறங்குவார். வாசலில் நிற்கும் வாடிக்கையாளர்களை ஒதுங்கச் சொல்வார். பின்னால் போய் நின்று கை காட்டுவார். அப்புறம்தான் வேன் மெதுவாக மடக்குக் கதவை ஒட்டி வந்து நிற்கும். பெட்டி நாலடி நடந்தால் போதும். கிளம்பும்போது முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும். அத்தனை வருடத்தில் அந்த டிரைவரின் திறமையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான். இருபது வருட அனுபவம் உள்ள டிரைவராக இருந்தாலும், கண்டக்டர் இறங்கி விசில் கொடுக்காமல் பஸ்ஸைப் பின்னால் எடுக்க மாட்டார். தெரிந்தவர்கள் செய்வது இதுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது.

போன வருடம் ஆடி மாதம். ராத்திரி ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்ப மணி பதினொன்றரை. நல்ல காற்று, தூறல். கேட்டைத் திறந்துவிட ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா தூக்கக் கலக்கத்தில் இருந்தார். சரி, ஒரு நாள்தானே என்று முகத்தை உள்ளே விட்டு அப்படியே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை எட்டரை மணி. நம் தெருவில் எட்டரை என்றால் எப்படி இருக்கும்? ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட வேன், பால் வண்டி, கம்பெனி வண்டி. என்னுடையது 2015 மாடல். பின்னால் சென்சார், கேமரா எதுவும் கிடையாது. எனக்குக் கழுத்துத் தேய்மானம் வேறு. காலையில் தலை முழுசாகத் திரும்பாது. இரண்டு கண்ணாடியையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆறு மாதம் பழகிய ஆள் அல்லவா நான்? எடுத்தேன்.

"நில்லுங்க ஐயா! பின்னாடி பையன்!"

எதிரே துணி இறக்கிக்கொண்டிருந்த குட்டி யானைத் தம்பியின் குரல். பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் போனேன். லைன் வீட்டுப் பையன், நான்கு வயது இருக்கும். நூல் சுற்றி முடித்த அட்டைக் கோன் ஒன்று உருண்டு என் வண்டிக்கு அடியில் போயிருக்கிறது. அதை எடுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. கோனை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கை நடுக்கம் நிற்க நேரமானது. அந்தத் தம்பிதான் தண்ணீர் கொடுத்தார். "ரிவர்ஸ் ஸ்டீயரிங்குல இல்லீங்க ஐயா, கழுத்துல இருக்குது. கழுத்து திரும்பலீன்னா இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்து எடுங்க. நாங்க அப்படித்தானுங்க" என்றார். அவருக்கு என் மகனைவிடப் பத்து வயது குறைவு.

அன்றைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் திறமை முந்தின நாள் ராத்திரி எங்கேயும் போய்விடவில்லை. அதே கை, அதே கால். குறைந்தது ஒரு சின்ன வேலை. ஆள் இல்லாத ராத்திரியில், காலியான என் காம்பவுண்டுக்குள் செய்ய வேண்டிய ரிவர்ஸை, ஆள் நடமாடும் எட்டரை மணித் தெருவுக்குத் தள்ளிவைத்தேன். எப்படி வந்தாலும் ஒரு தடவை பின்னால் விட்டே ஆக வேண்டும். வரும்போதா, போகும்போதா என்பதுதான் கேள்வி. வரும்போது விட்டால், நாம் இப்போதுதான் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்த காலி இடத்துக்குள் விடுகிறோம். போகும்போது விட்டால், யார் வருகிறார்கள் என்று தெரியாத தெருவுக்குள் விடுகிறோம். அதுவும் பாதி வண்டி வெளியே வந்த பிறகுதான் நம் கண்ணுக்குத் தெருவே தெரியும்.

வங்கியில் மாலை கேஷ் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றைய கணக்கு அன்றைக்கே முடிய வேண்டும். காலையில் கவுன்ட்டர் திறக்கும்போது எதிரே நிற்பவரைப் பார்த்து வேலை செய்யலாம். ரிவர்ஸில் நிறுத்துவதும் அதே போன்ற ஒரு பழக்கம்தான். இங்கிலாந்தில் அரசு வெளியிடும் சாலை விதிப் புத்தகமே, வீட்டு வாசலில் முடிந்தவரை பின்னால் விட்டு நிறுத்துங்கள், முன்னால் பார்த்து வெளியே வாருங்கள் என்று சொல்கிறது. பெரிய ஆலைகளில் ரிவர்ஸில் நிறுத்தச் சொல்லிப் பலகை வைப்பதும் இதற்காகத்தான். ஏதாவது அவசரம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைப் படித்தேன். 2002-இல், தன் வீட்டு வாசலிலேயே, தந்தை பின்னால் எடுத்த காரில் அடிபட்டு இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தத் தந்தை ஒரு குழந்தை மருத்துவர். அவர் விடாமல் போராடியவர்களில் ஒருவர். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் பின்பக்கச் சென்சார் கட்டாயம். நல்லதுதான். ஆனால் மழைச் சேறு பட்ட கேமராவில் ஒன்றும் தெரியாது. தாழ்வாகக் குனிந்திருப்பதைச் சென்சார் தவறவிடக்கூடும். இறங்கிப் பார்ப்பதற்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ள முடியாது.

சரி, ரிவர்ஸில் நிறுத்துகிறவர் நல்ல டிரைவர்தானா? நான் பி.காம். படித்தவன், கணக்கில் பார்க்கிறேன். நம் தெருவில் ஒரு அம்மணி இருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். பன்னிரண்டு வருடமாக முகத்தை உள்ளே விட்டுத்தான் நிறுத்துகிறார். வெளியே எடுக்கும்போது தினமும் பையனோ வீட்டுக்காரரோ வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வண்டியே எடுக்க மாட்டார். இன்சூரன்ஸில் க்ளெய்ம் இல்லாதவருக்குத் தரும் தள்ளுபடி முதல் வருடம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. அவர் 50-இல் இருக்கிறார். ஒரே மடக்கில் ரிவர்ஸ் போடும் நான், ஒரு தூணில் இடித்து க்ளெய்ம் வாங்கி, பூஜ்ஜியத்துக்கு வந்து மறுபடியும் 20-இல் நிற்கிறேன். எப்படி நிறுத்துகிறீர்கள் என்று எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்டதில்லை. இடித்தீர்களா என்றுதான் கேட்கிறது.

ஷாவோமின் லீ என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியர். பல நாடுகளில் எத்தனை பேர் ரிவர்ஸில் நிறுத்துகிறார்கள் என்று எண்ணி, அதைப் பொருளாதார வளர்ச்சியோடு ஒப்பிட்டு ஒரு ஆய்வு எழுதினார். இப்போது கஷ்டப்பட்டுப் பின்னால் சுகப்படும் குணம் அதில் தெரிகிறது என்பது அவர் வாதம். படிக்க ருசியாக இருக்கிறது. ஆனால் இரண்டு எண் சேர்ந்து ஏறினால் ஒன்றால்தான் மற்றது ஏறியது என்று எழுத முடியாது. அப்படி எழுதினால் எங்கள் ஆடிட்டர் விடமாட்டார். நிறுத்துகிற விதத்தை வைத்து ஒரு நாட்டையும் எடை போட வேண்டாம், பக்கத்து வீட்டு அம்மணியையும் எடை போட வேண்டாம்.

ஆகவே தீர்மானத்தைப் பற்றி என் கருத்து இது. சங்கத்து இடத்தில் ரிவர்ஸில் நிறுத்துவதை நான் ஆதரிக்கிறேன். பூங்காவிலிருந்து குழந்தைகள் ஓடிவரும் பக்கம் அது. வண்டிகள் முகம் பார்த்து வெளியே வருவதுதான் நல்லது. ஆனால் நான்கு திருத்தம் கேட்கிறேன்.

ஒன்று, கிழக்குச் சுவரை ஒட்டிய இடங்களுக்கு விலக்கு வேண்டும். அங்கே ரிவர்ஸில் நிறுத்தினால் புகைக்குழாய் தரைத்தளத்துச் சமையலறை ஜன்னலைப் பார்த்து நிற்கும். அந்த வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் இருக்கிறார். அங்கே முகம் உள்ளேதான் போக வேண்டும். வெளியே எடுக்கும்போது ஒருவர் பின்னால் நிற்க வேண்டும்.

இரண்டு, அபராதம் வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழகலாம். குட்டி யானைத் தம்பி வந்து சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சங்கத்திலிருந்து ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும். இலவசமாகக் கேட்கக் கூடாது. பெண்கள், புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள், என்னைப் போல் கழுத்து திரும்பாதவர்கள் எல்லோரும் வரலாம். திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அனுமதி இல்லை.

மூன்று, தீர்மானத்தின் முதல் வரியாக இதைச் சேர்க்க வேண்டும்: எந்தத் திசையில் நிறுத்தியிருந்தாலும், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு சுற்று நடந்து, குனிந்து, அடியில் பார்த்துவிட்டு ஏற வேண்டும். அரை நிமிடம் ஆகும். நான் ஒரு வருடமாகச் செய்கிறேன். இரண்டு தடவை பூனை, ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பாப்பாவின் சைக்கிள்.

நான்கு, லைன் வீட்டுக்காரர்கள் நம் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள், பலர் வெளிமாநிலத்துக்காரர்கள். ஆனால் நம் வண்டிக்குப் பின்னால் விளையாடுவது அவர்கள் பிள்ளைகளும்தான். இந்த முடிவை அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிட வேண்டும். பூங்கா கேட்டை அந்தப் பிள்ளைகளுக்கும் சாயங்காலம் திறந்துவிட்டால், அவர்கள் தெருவில் கோன் உருட்ட வேண்டியிருக்காது. இது பார்க்கிங் விஷயம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். என் பம்பரிலிருந்து ஒரு முழத்தில் நடந்ததால் எனக்கு இதுதான் பார்க்கிங் விஷயம்.

வாட்ஸ்அப்பில் போட்ட கட்டைவிரலை எடுத்துவிட்டேன். மற்ற பதின்மூன்று பேரும் யோசியுங்கள். வெளியே காபி வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கிளம்பும்போது வண்டிக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு எடுங்கள். குழந்தைகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.